புகழும் தனிமையும்: ‘சம்வெயர்’ திரைப்படம் பற்றி ஒரு நோக்கு

பெருஞ்செல்வம் படைத்த ஒரு நடிகனுக்கு ஏற்படும் சலிப்பு, உழைத்துண்ணும் மக்களின் சிந்தனைக்குரிய பொருளாகுமா? சோஃபியா கொப்பொலாவின் ‘சம்வெயர்’ என்ற படத்தைச் சில மாணவருடன் அமர்ந்து பார்த்து முடித்த வேளையில், ஆசிரிய நண்பர் ஒருவர் எழுப்பிய வினா இது. “மூன்று நேரமும் உண்டு, உடுத்து, ஏறிச்செல்ல வாகனமும் உள்ளவனுக்கு வந்த துன்பத்தைப் பார்த்து நான் ஏன் கலங்க வேண்டும்?” என்று அவர் கேட்டார். அவர் சினந்து கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அன்றிரவு நான் கூறிய விடை எனக்கே திருப்தி தரவில்லை. அவ்விடையைச் செம்மையாகச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் படத்தைப் பற்றிய சில விபரங்கள். 2010ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவிலே இப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. குவென்டின் டரன்டினோ தலைமை வகித்த நடுவர் குழு அதற்கு விழாவின் தலையாய விருதாகிய பொற்சிங்கத்தை வழங்கிற்று. அமெரிக்காவில் அது பெரிய வசூலைக் காணவில்லை. விமர்சகர்களும் இரு கூறாயினர். கதை என்று கூறத்தக்கது மிகச் சிறிது. ஜோனி மார்க்கோ (ஸ்டீபன் டோர்ஃப்) புகழின் உச்சியிலுள்ள ஹொலிவூட் நடிகன். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சன்செற் வீதியை நோக்கி நிற்கும் ஷாட்டோ மார்மொண்ட் ஹோட்டலிலே அறை எடுத்து வாழ்கிறான். மனைவியைப் பிரிந்தவன். பதினொரு வயது மகள் கிளியோ (எல் ஃபானிங்) தாயுடன் வசிக்கிறாள். தாய் காரணம் கூறாமல் எங்கோ புறப்பட்டுச் செல்ல, கோடைகால முகாம் தொடங்கும்வரை மகள் தந்தையிடம் வந்து தங்குகிறாள். அவ்வளவே. கொலையில்லை, காதல் வெற்றியில்லை, திருப்பமில்லை.

படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பாலைவெளியில் ஓர் ஓட்டப்பாதை. கமரா ஓரிடத்தில் அசையாது நிற்கிறது. கறுப்பு ஃபெராரி மோட்டார் ஒன்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் மறைகிறது. அதன் இரைச்சல் தேய்ந்து மீண்டும் வலுக்கிறது. மீண்டும் வருகிறது, மீண்டும் மறைகிறது. இன்னும் ஒரு முறை. இன்னும் ஒரு முறை. எங்கள் மாணவருள் ஒருவர் இச்சந்தர்ப்பத்தில், “படச்சுருள் சிக்கிவிட்டதோ?” என்று சிரித்தார். இறுதியில் வண்டி நிற்க, அதிலிருந்து இறங்கியவன் என்ன செய்வதென்று அறியாதவன் போல் நிற்கிறான். மனித உழைப்பின் மிக நுண்ணிய திறனாற் சமைக்கப்பட்ட ஓர் இயந்திரம், எங்கும் போய்ச் சேராத ஒரு வட்டத்தில் ஓடுவதற்கே பயன்படுகிறது என்பதை எவரும் நமக்கு எடுத்துக்கூறவில்லை. நாம் காண்கிறோம். கலையின் இயல்பு இதுவே என நாம் பல காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் பிரசாரம் மிகுந்த நமது எழுத்துக்களிலே இதனை அடிக்கடி மறந்துவிடுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்நியமாதல் என்ற கருத்தைக் கார்ல் மார்க்ஸ் தமது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் ஆராய்ந்தார். அவை 1932இலேதான் முழுமையாக அச்சேறின. உழைப்பாளி தான் படைத்த பொருளிலிருந்தும், தனது உழைப்பிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும், மனித இயல்பிலிருந்துமே பிரிக்கப்படுகிறான் என்பது அவர் கண்ட முடிபு. உடைமை வர்க்கமும் அதே அந்நியத்துள் வாழ்கிறது என்பதையும், ஆயின் அதனை அவ்வர்க்கம் தன் வசதியாகவே அனுபவிக்கிறது என்பதையும் மார்க்ஸும் எங்கெல்ஸும் பின்னர் எடுத்துக்காட்டினர். திரைப்பட நட்சத்திரம் என்பவன் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் விசித்திரப் பிறவி. அவன் ஊதியம் பெறுபவன், அவ்வூதியமோ அளவிறந்தது. விற்பவனும் அவனே, விற்கப்படும் பொருளும் அவனது முகமே. நெசவாளி தான் நெய்த சேலை யார் உடலிற் கிடக்கிறது என்று அறியான். இவனோ தன் முகம் எந்த மதிலில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று அறியான்.

இதனைப் படம் மூன்று காட்சிகளில் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. முதலாவது, பத்திரிகைப் படப்பிடிப்பு. ஜோனி தன்னுடன் நடித்த நடிகையின் அருகே நின்று புன்னகை புரிகிறான். உயரத்திற் பொருந்துவதற்காக அவன் ஒரு மேடைக்கட்டையின் மேல் நிறுத்தப்பட்டிருக்கிறான். கமரா பின்வாங்கும்போதுதான் அது நமக்குத் தெரிகிறது. இரண்டாவது, நிருபர் கூட்டம். பொருளற்ற கேள்விகள் பலவற்றின் இறுதியில், ‘ஜோனி மார்க்கோ யார்?’ என்று ஒருவர் கேட்கிறார். அதற்கு அவனிடம் விடையில்லை. மூன்றாவது காட்சியே படத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் துணிபு. ஒப்பனைக்காக அவன் தலை முழுவதையும் வெள்ளைச் சாந்தினால் மூடி அச்செடுக்கிறார்கள். கண்ணில்லை, வாயில்லை, மூக்குத் துவாரம் இரண்டு மாத்திரம் திறந்திருக்கின்றன. சாந்து காயுமட்டும் நாற்பது நிமிடம் அசையாதிருக்கும்படி சொல்லிவிட்டுத் தொழிலாளர் அகன்றுவிடுகின்றனர். வெறும் அறை, ஒரு நாற்காலி, முகமில்லா ஓர் உருவம். கமரா மிக மெதுவாக, கண்டறிய முடியாதபடி நெருங்கிச் செல்கிறது. கேட்பதெல்லாம் அவன் மூச்சு ஒன்றே. அச்சு முடிந்து கண்ணாடியில் அவன் காண்பது கிழவனாக்கப்பட்ட தன் முகத்தை. கோடிக்கணக்கானோர் அறிந்த முகத்துக்கு உரியவன், முகம் பறிக்கப்பட்ட நிலையிலே முதன்முறையாக மனிதனாக நமக்குத் தோன்றுகிறான். அந்த மூச்சொலியைக் கேட்டபோதுதான் என் ஆசிரிய நண்பரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதனை அவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

காட்சிகள் இவ்வாறு நீண்டு செல்வதைப் பலர் குறைகூறினர். வெறும் அழகியல் நாகரிகம் என்று தள்ளினோரும் உளர். இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு உதவும். பெல்ஜிய நெறியாளர் ஷான்ரால் அக்கர்மன் 1975இல் ஆக்கிய ‘ஜான் டீல்மன்’ மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்டது. அதில் கைம்பெண்ணாகிய ஓர் இல்லத்தரசி உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும், அவ்வேலைகளுக்கு உண்மையாகவே பிடிக்கும் நேரம் முழுவதும் நாம் பார்க்கிறோம். கதைப்படங்கள் எப்போதும் வெட்டி எறிந்துவிடும் பெண்ணின் வீட்டு உழைப்பு, அங்கே திரை முழுவதையும் நிரப்புகிறது. ‘சம்வெயர்’ படத்திலும் நேரம் நீள்கிறது. ஆனால் அங்கே உழைப்பினால் நிரம்பியிருந்த நேரம், இங்கே உழைப்பின் இன்மையால் நிரம்பியிருக்கிறது. சோபாவில் அமர்ந்து புகைபிடிக்கிறான். சிகரெட் முடிகிறது. அவ்வளவுதான். பொழுது போக வேண்டும் என்பதற்காக இரட்டைச் சகோதரியர் இருவர் வரவழைக்கப்படுகின்றனர். அவர்கள் கையோடு கொண்டுவந்த கம்பங்களை அறையிலே நாட்டி ஆடுகின்றனர். அவன் உறங்கிவிடுகிறான். ஆடியவர்கள் கம்பங்களைக் கழற்றிப் பையில் இட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள். அவ்வறையில் அன்றிரவு வேலை செய்தவர்கள் அவ்விருவருமே. இக்காட்சியில் நகைச்சுவை உண்டு. கிளர்ச்சியூட்டும் நோக்கம் சிறிதுமில்லை. ஒளிப்பதிவாளர் ஹரிஸ் சவிடெஸ் (இவர் 2012இல் காலமானார்) ஒளியைச் செயற்கையாக மெருகேற்றாது, பகல் பகலாகவும் அறை அறையாகவும் தெரியும்படி விட்டிருப்பது இதற்குப் பெரிதும் துணைசெய்கிறது.

இத்தகைய வெறுமைக்குள்தான் கிளியோ நுழைகிறாள். முன்னிரவு மதுபோதையிற் படிக்கட்டில் உருண்டு கையை முறித்துக்கொண்ட தந்தை கண்விழிக்கும்போது, அவனது கைக்கட்டிலே அவள் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு குழந்தை தன் தகப்பனில் கையொப்பமிடுகிறது! கையெழுத்துக்காக உலகமே துரத்தும் ஒருவனுக்கு நேர்ந்த இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் படம் அழுத்திக் காட்டாது விட்டுச்செல்வது பாராட்டத்தக்கது.

அவன் அவளைப் பனிச்சறுக்கல் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறான். நீல உடையணிந்த சிறுமி பனிமேல் வழுக்கி ஆடுகிறாள். தந்தை கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருக்கிறான். சிறிது நேரத்திற் கண்ணை உயர்த்துகிறான். பின்னர் அதனை இறக்குவதில்லை. திரும்பும் வழியில், எப்போது இதைப் பழகினாய் என்று கேட்கிறான். மூன்று வருடமாகப் போகிறேன் என்கிறாள் அவள். அவளது குரலிற் குற்றச்சாட்டில்லை. தகவல் மாத்திரமே உண்டு. அதனாலேயே அது நம்மைச் சுடுகிறது. தூர மாகாணத்தில் ஆசிரியராய் மாற்றம் பெற்று, விடுமுறைக்கு விடுமுறை வீடு வந்து, பிள்ளை எந்த வகுப்பிற் படிக்கிறது என்று ஒருகணம் தடுமாறிய தகப்பன்மார் நம்மிடையேயும் உளர். வளைகுடா நாடுகளிலே வீட்டு வேலைக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அவர்களைப் பிரித்தது வறுமை. ஜோனியைப் பிரித்ததோ வறுமையன்று. இவ்வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. எனினும், பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது அந்த மூன்று வருடம் மூன்று வருடந்தான்.

கிளியோ ஹோட்டல் அறையின் சிறு அடுக்களையில் முட்டை அவித்து, அதற்குரிய குழம்பைக் கலக்கி, காலை உணவு சமைத்துத் தந்தைக்கும் அவனது நண்பனுக்கும் பரிமாறுகிறாள். ஒருவர் மற்றொருவருக்காக அன்புடன் செய்யும் பயனுள்ள உழைப்பு என்று கூறத்தக்கது படத்தில் இது ஒன்றே என்று எண்ணுகிறேன். அவ்வுழைப்பைச் செய்வது ஒரு குழந்தை. தந்தை மகளைப் பேணவில்லை. மகள் தந்தையைப் பேணுகிறாள். இதனை இனிமையான காட்சி என்று பாராட்டிச் சென்ற விமர்சனங்களை நான் வாசித்திருக்கிறேன். எனக்கு அது இனிமையாகப் படவில்லை. வளர்ந்தவர்கள் வளராது நிற்கும் வீடுகளிலே பெண்பிள்ளைகள் காலத்துக்கு முந்தி வளர்ந்துவிடுகிறார்கள்.

இத்தாலியப் பயணம் படத்தின் நடுப்பகுதி. மிலான் நகரில் அவனுக்கு ஏதோ ஒரு தொலைக்காட்சி விருது. பூனை வடிவிலான பரிசுச் சின்னம், அவனுக்குப் புரியாத மொழியில் ஆரவாரம், திடீரெனச் சூழ்ந்துகொள்ளும் நடனமாதர். இப்பகுதியிற் கேலி சற்று எளிதாகிவிடுகிறது. அயல்நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்து நகைப்பது ஹொலிவூட்டுக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதனுள்ளும் ஒரு காட்சி தப்பிப் பிழைக்கிறது. இரவு, மகள் உறங்கிய பின் ஒரு பெண் அவ்வறைக்கு வந்து தங்குகிறாள். மறுநாட்காலை மூவரும் உணவு மேசையில் அமர்ந்திருக்கின்றனர். வந்தவள் கலகலப்பாய்ப் பேசுகிறாள். கிளியோ தந்தையைப் பார்க்கிறாள். எல் ஃபானிங் என்ற அச்சிறுமியின் அந்தப் பார்வைக்கு ஈடாக, நீண்ட வசனம் எழுதக்கூடிய நாடகாசிரியர் எவரும் இலர். ஜோனி தட்டைப் பார்க்கிறான். ஊரெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாழும் ஒருவன், ஒருவரது பார்வையைத் தாங்கமுடியாது குனிவது படத்தில் இந்த ஒரு முறைதான்.

பின்னர் முகாமுக்குச் செல்லும் வழியிலே அவள் அழுகிறாள். அம்மா எப்போது வருவாள் என்று தெரியாது. நீங்களோ எப்போதும் இருப்பதில்லை. அவன் என்ன செய்கிறான்? லாஸ் வெகாஸ் நகருக்குக் கூட்டிச்சென்று சூதாட்ட மேசையருகே அவளை மகிழ்விக்கிறான். ஹெலிகொப்டர் ஒன்று வரவழைக்கப்படுகிறது. அன்பைத் தவிர வேறெதையும் அவனால் உடனே வாங்கிவிட முடியும். கடைசியில், நான் உன்னோடு இல்லாமற் போனதற்கு மன்னித்துக்கொள் என்று அவன் கூவும்போது, ஹெலிகொப்டரின் சுழலிறகு இரைந்துகொண்டிருக்கிறது. அவன் பணம் கொடுத்து அமர்த்திய இயந்திரமே அவன் சொல்ல வேண்டியிருந்த ஒரே வார்த்தையை விழுங்கிவிடுகிறது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

நெறியாளரின் சொந்த வாழ்வை இங்கு ஒதுக்கிவிடுவதும் கடினம். 1971இற் பிறந்த சோஃபியா, புகழ்பெற்ற நெறியாளர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்பொலாவின் மகள். கைக்குழந்தையாகவே தந்தையின் ‘கோட்ஃபாதர்’ படத்தில், ஞானஸ்நானம் பெறும் சிசுவாகத் தோன்றியவர். அதன் மூன்றாம் பாகத்தில் (1990) நாயகனின் மகளாக நடித்து, நடிப்புக்காக மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்டவர். அப்படத்தில் தகப்பனின் பாவத்துக்காகச் சுடப்பட்டு நாடக அரங்கின் படியில் விழுந்து இறக்கும் பாத்திரம் அவருடையது. இருபது ஆண்டுகளின் பின், ஹோட்டல் அறைகளிற் புகழ்பெற்ற தந்தையோடு பொழுது கழிக்கும் ஒரு சிறுமியை அவர் படமெடுக்கிறார். ‘லொஸ்ற் இன் ரான்ஸ்லேசன்’ (2003) படத்திலும் ஒரு நடிகனும் ஒரு ஹோட்டலும் இருந்தன. அத்திரைக்கதைக்கு அவர் ஒஸ்கார் பெற்றார். அறிந்த உலகத்தையே எழுதுகிறார் என்பது அவரது பலம். அவ்வுலகத்துக்கு வெளியே எட்டிப்பார்ப்பதில்லை என்பதே அவரது எல்லை.

இந்த எல்லையை உணர, 1966இல் வெளிவந்த சத்தியஜித் ராயின் ‘நாயக்’ படத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் புகழ்பெற்ற நடிகன் (உத்தம் குமார்) ஒரு விருது பெறுவதற்காகவே பயணம் செய்கிறான். தனிமை அவனையும் அரிக்கிறது. ரூபாய் நோட்டுக் குவியலிற் புதைந்து மூழ்குவதாக அவன் காணும் கனவு பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் ராய் அவனைக் கல்கத்தாவிலிருந்து டில்லி செல்லும் புகையிரதத்தில் ஏற்றுகிறார். பெட்டியிலே வியாபாரியும், விளம்பரக்காரனும், நோயாளிப் பிள்ளையும், பெண்களுக்கான சஞ்சிகை நடத்தும் இளம்பெண்ணும் (ஷர்மிளா தாகூர்) இருக்கின்றனர். அந்தப் பெண்ணிடம் அவன் தன் கடந்தகாலத்தைக் கூறுகிறான். தொழிற்சங்கவாதியான பழைய நண்பன் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளரிடையே ஒரு வார்த்தை பேசும்படி கேட்டபோது, புகழுக்குப் பங்கம் நேருமென்று அஞ்சி ஓடியவன் அவன். ஆகவே அவன் தனிமைக்கு ஒரு வரலாறு உண்டு. யாரை விட்டுப் பிரிந்ததனால் தனித்தான் என்பதை நாம் அறிகிறோம். ஜோனியின் தனிமைக்கு அத்தகைய வரலாறில்லை. அது காலநிலை போல அவன்மேற் படிந்திருக்கிறது. யதார்த்தத்தை உள்ளபடி காட்டுவதற்கும், அது எவ்வாறு உண்டாயிற்று என்று காட்டுவதற்கும் உள்ள தூரம் இதுவே.

ஹோட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படுக்கைகளை விரித்தவர் யார்? அறைக்கு உணவு கொண்டுவந்தவர், வாகனத்தை நிறுத்திவைத்தவர், காலையிற் சாம்பற் கிண்ணங்களைக் கழுவியவர் யார்? முதிய பணியாளர் ஒருவர் கித்தார் வாசித்துக் கிளியோவுக்குப் பாட்டுப் பாடுகிறார். மிக அழகிய காட்சி. பாட்டு முடிந்ததும் அவரும் படத்தினின்று மறைகிறார். 1929இல் எழுந்த அக்கட்டிடத்தைப் பற்றி நட்சத்திரங்களின் கதைகளே பேசப்பட்டு வந்தன. ஆனால் 2020 மார்ச்சிலே கொள்ளைநோய்க் காலத்தில் அங்கு பணிசெய்தோரில் மிகப் பெரும்பாலோர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் சங்கத்தின் துணையுடன் வாயிலில் மறியல் செய்தனர். ஹோட்டலைப் பகிஷ்கரிக்கும்படி கோரினர். திரையுலகத்தினர் சிலரும் அதனை ஆதரித்தனர். 2022இல் நிர்வாகம் தொழிற்சங்கத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது. அச்செய்திகளை அறிந்தபின் இப்படத்தை மீண்டும் பார்த்தேன். மாடத்திலே நின்று வீதியை நோக்கும் ஜோனியின் பின்னால், கதவு திறந்து துவாயை மடித்து வைத்துச் செல்லும் கைகளை என் கண் தேடிற்று. அவை சட்டத்தின் விளிம்போடு நின்றுவிடுகின்றன. அவற்றுக்கு உரியவர்களுக்கும் மகள்மார் இருந்திருப்பர்.

எனவே நண்பரின் வினாவுக்கு என் விடை இருவகைப்பட்டது. கலங்க வேண்டும் என்று நான் கூறமாட்டேன். பார்க்க வேண்டும் என்று கூறுவேன். நமது மாணவர்கள் கையிலுள்ள சிறு திரையிலே இரவு பகலாய் நட்சத்திர வாழ்வைக் கண்டு ஏங்குகின்றனர். அவ்வாழ்வின் உள்ளறையைத் திறந்து, இதோ பார், இங்கே காற்றே இல்லை என்று காட்டும் ஒரு படம், அதுவும் அவ்வறையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் ஆக்கிய படம், முதலாளித்துவக் கேளிக்கைத் தொழிலின் விளம்பரமாக முடியாது. உள்ளிருந்து எழும் சாட்சியத்துக்கு ஒரு தனிப் பெறுமதி உண்டு. சாட்சி முழு வழக்கையும் அறிந்திருக்க வேண்டும் என்ற நியதியில்லை.

ஆனால் படத்தின் முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. மகளை அனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பிய ஜோனி, பிரிந்த மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, தான் ஒரு மனிதனே அல்லன் என்று அழுகிறான். மறுநாள் ஹோட்டல் அறையைக் காலிசெய்கிறான். அதே ஃபெராரியில் நகரைக் கடந்து திறந்த வெளிக்குச் செல்கிறான். வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, திறப்பையும் அதிலேயே விட்டுவிட்டு, வீதியோரமாக நடக்கத் தொடங்குகிறான். முகத்தில் ஒரு புன்னகை. வட்டம் நேர்கோடாயிற்று என்பது குறிப்பு. அக்குறிப்பு விளங்குகிறது, அது சற்று மிகையாகவே விளங்குகிறது. விலையுயர்ந்த வண்டியை வழியிலே கைவிடுவதும் விலையுயர்ந்த ஒரு செய்கைதான். அதைச் செய்வதற்கும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அவன் எங்கே போகிறான் என்று படம் சொல்லவில்லை. மகள் இருக்கும் முகாமுக்கா? அந்த வீதியின் தோற்றத்தில் அதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அவளோ அங்கே, அறிமுகமில்லாத பிள்ளைகளிடையே, தாய் திரும்பும் நாளையும் அறியாமல், தந்தை இரைச்சலிடையே கூவியது தன் காதில் விழுந்ததா என்பதை எவரிடமும் சொல்லாமல் இருக்கிறாள்.